விதைக்கு வரியா, வெள்ளாமைக்கு வரியா?

என் தங்கை புருஷன் ஆர்வில் டெஷ் வாழ்நாளில் ஒரு டாலர்கூடச் சேர்த்து வைத்தவன் இல்லை. படகு மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான். வந்ததையெல்லாம் புதுப் படகிலும் பனிவண்டியிலும் கொட்டினான். மூன்று படகுகள் இன்றைக்கும் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. அதில் ஒன்றுதான் மிதக்கும். இந்த மகானுபாவன் போன நவம்பரில் ஓய்வுக்காலச் சேமிப்பு நிபுணர் ஆகிவிட்டான். யாருடைய சேமிப்பு? என் தங்கை பெர்னடீனுடையது.

முப்பத்துநான்கு வருஷம் அவள் எங்கள் ஊர் சீஸ் தொழிற்சாலை ஆபீசில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாலின் எடையையும் கொழுப்பையும் பார்த்து விவசாயிகளுக்குச் செக் எழுதுவது வேலை. வெறும் கூட்டல் கழித்தல், அதற்கென்ன பெரிய மூளை வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி ஒதுக்கி, வேலையை விடும்போது நாலு லட்சத்துப் பத்தாயிரம் டாலர் வைத்திருந்தாள். எல்லாம் பழைய மாதிரிக் கணக்கு. போடும்போது வரி இல்லை, எடுக்கும்போது வரி. அவளுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. இடது இடுப்பு மூட்டு தேய்ந்து, படியேறும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். புது மூட்டு வைக்கப் பிப்ரவரியில் நாள் குறித்திருந்தார்கள்.

நான் மார்லிஸ். அவளுக்கு ஆறு வயது மூத்தவள். மாவட்ட வரி அலுவலகக் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் நின்றவள். இப்போதும் வசந்தம் வந்தால் நூலகத்தில் உட்கார்ந்து ஊராருக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஆகையால் முட்டாள்களைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும்.

மான் வேட்டைப் பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது தபாலில் ஒரு வழவழப்பான அட்டை வந்தது. 'வரியில்லா ஓய்வுக்காலம்! இலவச ஸ்டேக் விருந்து!' ஏரிக்கரை சப்பர் கிளப் ஓட்டலில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. எங்கள் விஸ்கான்சின்காரர்களுக்கு 'இலவசம்' என்ற ஒரு வார்த்தையும் 'ஸ்டேக்' என்ற ஒரு வார்த்தையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும், இடையில் தூக்குமேடை இருந்தாலும் ஏறிப் போய்விடுவார்கள். ஐந்து மணி விருந்துக்கு நாலேகாலுக்கே நாற்பது நரைத்த தலைகள் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தன. அதில் நாங்கள் மூன்று பேரும் அடக்கம்.

விருந்து வைத்தவன் பெயர் பிராடி. முப்பத்தைந்து வயது இருக்கும். கணுக்கால் வரை பனி கிடக்கும் ஊருக்குப் பளபளப்பான தோல் ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தான். மேஜை மேஜையாக வந்து கை குலுக்கினான். என் தங்கையின் பெயர் அட்டையைப் பார்த்த மறுநொடியே, "பெர்னி! நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம் பெர்னி!" என்றான். எங்கள் அம்மா ஒருத்திதான் அவளை அப்படிக் கூப்பிடுவாள். பெர்னடீன் சிரித்துவைத்தாள். அவள் எதற்கும் சிரித்துவைப்பாள்.

சாலட் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனதும் பிராடி மைக்கைப் பிடித்தான்.

"விவசாயக் குடும்பத்துல பொறந்தவங்க எத்தனை பேரு? கை தூக்குங்க பாப்போம்."

எல்லாக் கையும் ஏறியது. வயலில் கால் வைத்தே அறியாத எங்கள் ஊர்ப் பல்மருத்துவரின் கைகூட.

"அப்ப உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லித் தர வேண்டாம். விதைக்கு வரி கட்டுவீங்களா, வெள்ளாமைக்கு வரி கட்டுவீங்களா?"

"விதைக்கு!" என்று கத்தினார்கள். ஆர்வில் மேஜையைத் தட்டிக்கொண்டே கத்தினான்.

"அவ்வளவுதாங்க! பழைய கணக்குல இருக்கறதை இப்பவே ராத் கணக்குக்கு மாத்திடுங்க. இப்ப ஒரு தடவை வரி. அப்புறம் சாகற வரைக்கும் கவர்மென்ட் உங்க கிட்டயே வர முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட மக்குகளா! நூறு மூட்டை விளைந்து அதில் நாலில் ஒரு பங்கை வரியாகக் கொடுத்தால் மிச்சம் எழுபத்தைந்து. விதையிலேயே நாலில் ஒரு பங்கைக் கொடுத்தால் முக்கால் வயல்தான் விதைக்க முடியும், அதிலும் எழுபத்தைந்துதான் விளையும். இரண்டும் ஒன்றே. எந்த வருஷம் வரி விகிதம் குறைவு என்பது மட்டும்தான் கேள்வி. மொத்தத்தையும் ஒரே வருஷத்தில் மாற்றினால் அந்த வருஷத்து வருமானம் வீங்கி, விகிதம் படிப்படியாக ஏறி, தலையில் இடியாக இறங்கும். இதை நான் மேஜையிலேயே சொன்னேன். மெதுவாகவும் சொல்லவில்லை.

"கொஞ்சம் சும்மா இரேன் மார்லிஸ். ஸ்டேக் ஆறிப் போவுது பாரு," என்றான் ஆர்வில்.

ஸ்டேக்கைச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. இரண்டு பிராந்தியும், கடைசியில் ஐஸ்கிரீமில் மதுவைக் கலந்து பச்சையாக ஒன்று கொடுப்பார்களே, அதையும் குடித்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

காப்பி வரும்போது ஒரு பலகையில் தாளைச் செருகிச் சுற்றுக்கு விட்டார்கள். பிராடியின் ஆபீசுக்கு வந்து தனியாகப் பேச விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுத வேண்டும். நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் எழுதினார்கள். பெர்னடீன் தன் அழகான கையெழுத்தில் முழுப் பெயரும் போன் நம்பரும் எழுதினாள்.

வரும் வழியில் காரில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்குடி எழுதின?"

"அவ்வளவு பெரிய ஸ்டேக் போட்டாரே அக்கா. நல்லாத் தின்னுட்டு, வர மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி இது. யாராவது ஒரு பாத்திரத்தில் நூடுல்சும் கோழியும் சுட்டுக்கொண்டு வந்து கொடுத்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். இரண்டு பிஸ்கட்டாவது வைத்துத்தான் கொடுப்போம். அது பக்கத்து வீட்டுக்காரிக்குச் சரி. இந்த ஷூக்காரப் பயல் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். நாற்பது ஸ்டேக்கைப் போட்டுவிட்டு, முப்பத்தொரு வீட்டின் வாழ்நாள் சேமிப்பைப் பாத்திரத்தில் வைத்துத் தரச் சொல்கிறான். எங்கள் ஆட்களும் வெட்கப்பட்டுக்கொண்டே வைத்துக் கொடுப்பார்கள். 

அடுத்த மூன்று வாரம் ஆர்வில்லை யாராலும் தாங்க முடியவில்லை. மான் வேட்டைக்குப் போன இடத்தில் குடிசையில் இருந்த அத்தனை பேருக்கும் விதை, வெள்ளாமை என்று பாடம் எடுத்திருக்கிறான். பெட்ரோல் பங்கில், சலூனில், தேவாலயத்து வாசலில், "நாங்க மொத்தத்தையும் மாத்தப் போறோம்," என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். நாங்களாம்! அந்தக் கணக்கில் அவன் ஒரு செல்லாக் காசுகூடப் போட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், வரி என்றாலே அவனுக்கு ஆகாது. சாலையில் குழி இருந்தாலும் திட்டுவான், அதை அடைக்க வந்தாலும் திட்டுவான். வரி கட்டப் பிடிக்காத அந்த ஒரே காரணத்தால் ஒரே வருஷத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டாலர் வரி கட்டக் கிளம்பியிருந்தான், அதுவும் பெண்டாட்டி காசில்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு. பெர்னடீன் மாட்டிறைச்சியையும் காரட்டையும் மெதுவாக வேகவைத்திருந்தாள். நான் ஒரு மஞ்சள் தாளில் கணக்கைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். தட்டை நகர்த்திவிட்டு அதை ஆர்வில்லின் முன்னால் விரித்தேன்.

"இதைப் பாரு. மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் சேத்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதோட முடியுதா? அறுபத்தஞ்சு வயசுல அரசாங்கம் குடுக்கற மெடிக்கேர் இன்சூரன்ஸ் இவளுக்கு வர இன்னும் மூணு வருஷம் இருக்கு. அது வரைக்கும் இன்சூரன்சுக்கு அரசாங்கம் மாசம் தொள்ளாயிரம் உதவி குடுக்குது. வருமானம் ஒரு கோட்டைத் தாண்டிடுச்சுன்னா இந்த வருஷம் வாங்கின அத்தனையும் திருப்பிக் கட்டணும். அது ஒரு பத்தாயிரம். ரெண்டு வருஷம் கழிச்சு உன் மெடிக்கேர் கட்டணமும் ஏறும், தெரியுமா?"

"எல்லாம் ஒரு தடவைதானே மார்லிஸ். அப்புறம் காலத்துக்கும் நிம்மதி."

"எது நிம்மதி? பணம் போன நிம்மதியா? ஒரு தடவை மாத்திட்டா திரும்ப மாத்தவும் முடியாது, தெரிஞ்சுக்கோ. மிச்சத்தை எடுத்து அந்தப் பய அவன் கம்பெனி இன்சூரன்ஸ் திட்டத்துல பத்து வருஷத்துக்குப் பூட்டி வைக்கப் போறான். அதுல அவனுக்கு எவ்வளவு கமிஷன்னு கேட்டியா?"

"நல்ல பையன் அவன். மான் வேட்டைக்கெல்லாம் போறவன்."

 மான் சுடுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

அப்புறம் அவன் ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "வரி கட்டினப்புறம் ஒரு வருஷம் கை கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். இடுப்பு ஆபரேஷனை அடுத்த குளிர்காலத்துக்குத் தள்ளிப் போட்டுக்கலாம். இவளுக்கும் அவசரம் ஒண்ணுமில்லை. என்ன பெர்னடீன்?"

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "உன் மூணு படகையும் வித்துத் தொலையேண்டா! இவ காலை இழுத்து இழுத்து நடக்கறது உன் கண்ணுல படலையா? கேளு, நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்தக் கணக்குலேருந்து ஒரு டாலர்கூட மாத்த விட மாட்டேன். ஒரு டாலர்!"

"மாத்தத்தான் போறோம்!"

"விட மாட்டேன்!"

பெர்னடீன் அடுப்படியிலிருந்து பாத்திரத்தோடு வந்து, "யாருக்கு இன்னும் உருளைக்கிழங்கு?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் அவளைப் பார்க்காமலே தட்டை நீட்டினோம்.

பிறகு பாத்திரம் துடைக்கும்போது அவள் மெல்லிய குரலில், "அக்கா, ஒருவேளை கொஞ்சமா மட்டும் மாத்தினா..." என்று ஆரம்பித்தாள்.

"கொஞ்சமும் வேண்டாம், நிறையவும் வேண்டாம். உனக்கு இதெல்லாம் புரியாது. நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்," என்றேன். அவள் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

பிராடியின் ஆபீசுக்கு டிசம்பர் பதினாறாம் தேதி வரச்சொல்லியிருந்தார்கள். பிட்சாக் கடைக்கும் நாய்க்கு முடி வெட்டும் கடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே வாசனை மெழுகுவர்த்தி, கிண்ணம் நிறைய மிட்டாய், சுவரில் ஒரு பெரிய மீன். மேஜைக்கு முன்னால் மூன்று நாற்காலி. நடுவில் பெர்னடீன், ஒரு பக்கம் ஆர்வில், மறுபக்கம் நான். அவள் பெரிய கறுப்புக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படிவங்கள் தயாராக இருந்தன. கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் நிறத்தில் அம்புக்குறி ஒட்டியிருந்தது. மொத்தம் பதினொன்று. நான் எண்ணினேன்.

"பெர்னி, டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள முடிச்சாத்தான் இந்த வருஷக் கணக்குல வரும்," என்றான் பிராடி. "இன்னைக்கே போட்டுட்டீங்கன்னா கிறிஸ்துமசுக்கு நிம்மதியா இருக்கலாம்." ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினான். பச்சைக் கோடு ஒன்று மேலே மேலே போய்க் காகிதத்தை விட்டே வெளியேறியது.

"இந்தப் படத்துல வரி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க யாரு?"

"இவளோட அக்கா. உன் ஸ்டேக்கைத் தின்னவ."

"மார்லிஸ், வாயை மூடு," என்றான் ஆர்வில்.

"நீ மூடு. ஒரு லட்சத்துப் பத்தாயிரம்! எங்கேருந்து குடுக்கப் போற? உன் ஓட்டைப் படகை வித்தா?"

"கணக்குலேருந்தே எடுத்துக்கலாம்னு பிராடி சொல்றாரு."

"அப்ப விதையையே வித்து விதைக்கு வரி கட்டப் போறியா? அடப் பாவி!"

"இது எங்க குடும்ப விஷயம்!"

"நானும் குடும்பந்தான்! ஒரு டாலர் நகராது!"

இப்படி ஒரு பத்து நிமிஷம் நடந்தது. நான் இந்தப் பக்கமிருந்தும் அவன் அந்தப் பக்கமிருந்தும் பெர்னடீனின் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருந்தோம். பிராடி நாற்காலியில் சாய்ந்து, எங்கள் வாய் ஓயட்டும் என்று காத்திருந்தான். கை தேர்ந்தவன். ஓய்ந்ததும் முன்னால் சாய்ந்து என் தங்கையிடம் தேனாகப் பேசினான்.

"இடுப்பு ஆபரேஷன் பத்தி ஆர்வில் சொன்னாரு, பெர்னி. அது உயிர் போற விஷயமில்லை. ஒரு வருஷம் தள்ளிப் போட்டா ஒண்ணும் ஆயிடாது. ஆனா இந்த வாய்ப்பு போச்சுன்னா வராது."

பேனாவை அவள் பக்கம் நீட்டினான்.

பெர்னடீன் கைப்பையைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடி எடுக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.  இவள் போட்டுவிடுவாள், தின்ற ஸ்டேக்குக்காகப் போட்டுவிடுவாள், ஆண்டவரே, இப்படியும் ஒரு பிறவியா என்று உள்ளுக்குள் அவளையும் சேர்த்துத் திட்டினேன்.

அவள் எடுத்தது ஒரு வெள்ளை உறை. ஞாயிற்றுக்கிழமை காணிக்கை போட தேவாலயத்தில் கொடுப்பார்களே, அந்த உறை. அதைப் படிவங்களின் மேல், முதல் மஞ்சள் அம்புக்குறியை மறைக்கிற மாதிரி வைத்தாள்.

"என் பேரு பெர்னடீன், தம்பி. பெர்னின்னு கூப்பிட்டவங்க எங்கம்மா ஒருத்திதான், அவங்க போய்ச் சேந்துட்டாங்க. இதுல நூத்தி அம்பத்தொம்பது டாலர் இருக்கு."

"எதுக்கு மேடம்?"

"சப்பர் கிளப்புக்குப் போன் பண்ணி விலை கேட்டேன். மூணு ஸ்டேக், குடிச்சது, வரி, டிப்ஸ், எல்லாம் சேத்து. எண்ணிப் பாத்துக்குங்க."

பிராடி சிரித்தான். "ஐயோ, அதெல்லாம் வேண்டாம். அது எங்க விருந்து. உங்க மேல இருக்கற மரியாதைக்காக..."

"உங்களுக்கு வேண்டாம். எனக்கு வேணும்." அவள் குரல் உயரவே இல்லை. "தின்னதுக்குக் காசு குடுத்தாச்சு. இனிமே நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லலாம் இல்லையா? போட மாட்டேன். ஆபரேஷன் பிப்ரவரி பதினொண்ணு. அதுவும் தள்ளிப் போகாது."

பிராடியின் முகத்தில் அந்தச் சிரிப்பு வழி தெரியாமல் நின்றது. ஆர்வில்லைப் பார்த்தான். "சார், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

ஆர்வில் வாயைத் திறந்தான்.

"கோட்டை எடுத்துக் குடு, ஆர்வில்," என்றாள் பெர்னடீன்.

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் கையை நுழைக்கப் பின்னால் நின்று பிடித்துக்கொள்ளவும் செய்தான். வெளியே நடைபாதை உறைந்து வழுக்கியது. அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அவள் காலைப் பார்த்தபடி, அடி மேல் அடி வைத்துக் கார் வரைக்கும் கூட்டிப் போனான். அவளை அவன் அப்படி நடத்திக் கூட்டிப் போய் நான் பார்த்ததில்லை. அவள் எவ்வளவு நொண்டுகிறாள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்திருப்பான், தடியன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன். "பாத்தியா! பாத்தியா அவன் மூஞ்சியை? இதைத்தானே மூணு வாரமா நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன்? ஒரு டாலர்கூட மாத்தக் கூடாதுன்னு சொன்னேன், மாத்தலை. நீ கவலைப்படாதே, உன் கணக்கை இனிமே நான் பாத்துக்கறேன்."

ஆர்வில் வண்டியைக் கிளப்பினான். 

பெர்னடீன் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே தோளுக்கு மேலே ஒரு தாளை நீட்டினாள். தேவாலயத்தில் வாரா வாரம் கொடுக்கும் பாட்டு வரிசைத் தாள். அதன் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் நெருக்கமாக, பத்தி பத்தியாக எண்கள்.

ஆர்வில்லின் அரசாங்க ஓய்வூதியம், அதில் வரிக்கு உட்பட்டது தனி, உட்படாதது தனி. கடைக் கட்டடத்து வாடகை. இந்த வருஷம் கணக்கிலிருந்து அவள் எடுத்தது. இன்சூரன்ஸ் உதவி நிற்கும் கோடு. கடைசியில் இரண்டு கோடு போட்டு, பன்னிரண்டாயிரத்து நானூறு என்று எழுதியிருந்தாள்.

"இது என்னடி?"

"ராத்துக்கு மாத்தினது. கணக்கு வச்சிருக்கற கம்பெனிக்கே நேரா போன் பண்ணினேன். படிவம் வந்துச்சு, நிரப்பிப் போன வாரமே அனுப்பிட்டேன். நேத்து முடிஞ்சுதுன்னு தகவல் வந்துச்சு. வருஷா வருஷம் கோடு வரைக்கும் இந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மாத்தினா, பின்னாடி அரசாங்கம் பழைய கணக்குலேருந்து கட்டாயமா பணம் எடுக்கச் சொல்ற வயசுல வரி கம்மியா இருக்கும். இவனோ நானோ தனியா நிக்கற காலம் வந்தாலும் வரி கழுத்தை நெரிக்காது. இதுக்கான வரியைக் கட்ட, வீட்டுச் செலவுக்கு வச்சிருக்கற செக்கிங் கணக்குல காசு இருக்கு. ஆபரேஷன் காசுல கை வைக்கலை."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து பார்த்தேன். தப்பு இருக்கும் என்று தேடித்தான் பார்த்தேன். இருக்கவில்லை. இரண்டாம் தடவையும் இருக்கவில்லை.

"மாசா மாசம் வர்ற உதவி கொறையுமே, அதைப் பாத்தியா?"

"அடுத்த பத்தியில இருக்கு. கழிச்சுத்தான் போட்டிருக்கேன்."

இருந்தது. "கோட்டுக்கு முந்நூறு டாலர் முன்னாடியே நிறுத்திட்டியே, அது ஏன்?"

"பேங்க் வட்டி எவ்வளவு வரும்னு ஜனவரிலதானே தெரியும்? அதுக்கு எடம் விட்டேன்."

நூலகத்தில் எத்தனை வருஷமாக உட்காருகிறேன்? இந்த இடத்தை விட மறந்து நானே இரண்டு பேரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறேன். அதுபோகட்டும், அவள் வரிப் படிவத்தை வருஷா வருஷம் நிரப்புகிறவள் நான். கோடு வரைக்கும் இடம் காலியாகக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு டாலர்கூடக் கூடாது என்று கத்தியதெல்லாம் என்ன கணக்கு? ஒரு கணக்கும் இல்லை. ஆர்வில் எல்லாம் என்றான், அதற்காக நான் ஒன்றுமில்லை என்றேன். வெட்கக்கேடு.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கேட்டேனே. பாத்திரம் துடைக்கறப்ப."

 கார் சீஸ் தொழிற்சாலையைத் தாண்டிப் போனது. பால் லாரி ஒன்று வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது.

"நூத்தி அறுபது பண்ணைக்குச் செக் எழுதியிருக்கேன் அக்கா, முப்பத்தி நாலு வருஷம்," என்றாள் அவள். "ஒருத்தன்கூட ஒரு சென்ட் கொறையுதுன்னு திரும்பி வந்ததில்லை. என் பணத்தை என்ன பண்ணலாம்னு இந்த மூணு வாரமா இவன் ஊரைக் கேட்டான், நீ மஞ்சத் தாளைக் கேட்ட, அந்தப் பய படத்தைக் காட்டினான். நீ என்ன நினைக்கறன்னு என்னை ஒருத்தர் கேக்கலை."

ஆர்வில் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தான். நானும் சாலையைத்தான் பார்த்தேன்.

அவள் மறுபடியும் தோளுக்கு மேலே கையை நீட்டினாள். தாளைத் திருப்பிக் கேட்கிறாள் என்று கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வெறும் கையை மறுபடி நீட்டினாள்.

"என்ன?"

"அறுபத்தியோரு டாலர். உன் ஸ்டேக்குக்கு."

"அறுபத்தியொண்ணா?"

"எங்களுக்குத் தலைக்கு நாப்பத்தொம்பதுதான். நீ ரெண்டு பிராந்தி குடிச்ச. அந்தப் பச்சை ஐஸ்கிரீம் வேற."

பர்சைத் திறந்தேன். இருபது டாலர் நோட்டு மூன்று இருந்தது. ஒரு டாலர் இல்லை. ஆர்வில் முன்னாலிருந்த சில்லறைக் குழியில் துழாவி, கால் டாலர் காசு நாலை எடுத்துத் திரும்பாமலே பின்னால் நீட்டினான். நாற்பது வருஷத்தில் அவன் எனக்குச் செய்த முதல் உதவி அதுதான்.

நோட்டையும் காசையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் எண்ணினாள். எண்ணிப் பைக்குள் போட்டுவிட்டு, அதே கையை ஆர்வில்லின் பக்கம் நீட்டினாள்.

அவனுடைய பர்ஸ் பின் பாக்கெட்டில் இருந்தது. ஓட்டிக்கொண்டே எடுக்க முடியவில்லை. சிக்னல் விளக்கைப் போட்டு, பனி ஒதுக்கிக் குவித்திருந்த ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டிலிருந்து எக்கித் தேட ஆரம்பித்தான். அவன் எடுக்கும் வரைக்கும் பெர்னடீன் கையை மடக்கவில்லை.